தியேட்டருக்குள் காற்று எந்தப் பக்கம் போகிறது?

2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கற்றரக்ட் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர், வெள்ளை எடுத்தபின் தெளிவாகப் பார்க்க வேண்டியவர்கள், இருந்த பார்வையையும் இழந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு விட்ட, இந்தியாவில் தயாரான பிரெட்னிசொலோன் கண்சொட்டு மருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. அது பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவிலும் ஒரு கண்சொட்டு மருந்து மீளப் பெறப்பட்டது. அதைத் தயாரித்தது சென்னைக்குத் தெற்கே திருப்போரூரில் உள்ள குளோபல் பார்மா ஹெல்த்கேர். அந்த மருந்தோடு தொடர்புபட்ட கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பிடித்தது. 14 பேருக்குப் பார்வை போனது, நான்கு பேரின் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, நான்கு பேர் இறந்தார்கள். ஆலையைச் சோதித்த அமெரிக்க அதிகாரிகள், 2020 டிசம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை அங்கே பின்பற்றிய தயாரிப்பு முறை மருந்து கிருமியற்றது என்பதற்கு உத்தரவாதம் தரவில்லை என்று எழுதிவைத்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பார்மசிகளின் தட்டுகளில் இருக்கும் மருந்துகளில் பெரும்பகுதி கடல் கடந்து வருபவைதான். ஆகவே திருப்போரூர்க் கதை நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. கிருமியற்ற மருந்தை அடைக்கும் அறைக்கும் கண்ணைத் திறக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் ஒரு பொதுவான தேவை உண்டு: வடிகட்டிய காற்று, சரியான பக்கமாக ஓட வேண்டும்.

வடிகட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை. 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தை ஹெப்பா வடிகட்டி பிடித்துவிடும். மருந்து அடைக்கும் மிகத் தூய பகுதியில் அந்தக் காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 0.45 மீற்றர் வேகத்தில் சீராக இறங்கும். துகள் எண்ணும் கருவியை வைத்தால், ஒரு கன மீற்றரில் 0.5 மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ளவை 3,520ஐத் தாண்டவில்லை என்று காட்டும். இலக்கம் சரி. ஆனால் அந்தத் துகள்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதை இலக்கம் சொல்லாது. திறந்த குப்பிக்கு மேலாக ஒரு கை நீண்டால், அந்தக் கையைத் தொட்ட காற்றே குப்பிக்குள் இறங்கும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

நெல் தூற்றுகிறவர் ஒரு பிடி பதரை விட்டுச் சோளகம் எப்படி அடிக்கிறது என்று பார்ப்பதைப் போன்றதுதான், புகை விட்டுக் காற்றின் பாதையைப் பார்க்கும் சோதனையும். வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே விடும் பொருள் காற்றைக் குழப்பவும் கூடாது, அறையை அழுக்காக்கவும் கூடாது. ஊதுபத்தியைக் கொளுத்திக் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. அதன் புகை சூடானது, காற்று கீழே போனாலும் தான் மேலே போகப் பார்க்கும். கரியையும் விட்டுச் செல்லும். உலர்பனிக்கட்டியின் புகையோ குளிர்ந்து கனத்தது. காற்று அசையாவிட்டாலும் கீழே வழிந்து, எல்லாம் ஒழுங்காக இறங்குகிறது என்று நம்பவைத்துவிடும். இரசாயனப் புகைக் குழாய் சிலவற்றில் உள்ள டைட்டேனியம் டெட்ராகுளோரைட், ஈரக்காற்றில் பட்டதும் அரிக்கும் அமிலத்தைக் கக்கும். அதனால் மருந்து ஆலைகளில் மிகத் தூய நீரை நுண்துளியாக்கி மூடுபனி போல விடுகிறார்கள். அது ஆவியாகி எச்சமின்றிப் போய்விடும்.

அதையும் குழாய் வாயில் பீய்ச்சினால் கெட்டது. பீய்ச்சும் வேகம்தான் படத்தில் தெரியும், அறையின் காற்று தெரியாது. துளைகள் நிறைந்த நீண்ட குழாயினூடாக, உந்தம் அடங்கி, தானாக வழிந்து காற்றோடு சேர்கிற அளவுக்கு விட வேண்டும். பின்னால் கருந்திரை, பக்கவாட்டில் ஒளி, வீடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஆளில்லாத அறையில் பார்ப்பார்கள்: வெண்திரை நேராக இறங்கும், அழகாகத்தான் இருக்கும். பிறகு ஒருவர் உள்ளே வந்து தட்டுக்கு மேல் கையை நீட்டுவார். அப்போது முழங்கைக்குக் கீழே அந்தத் திரை கிழிந்து, சுழன்று, தட்டின் விளிம்பில் தங்கி நிற்கும். ஆளில்லாத அறையில் மட்டும் எடுத்த வீடியோவைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய மருந்துத் தயாரிப்பு விதி, வேலை நடக்கும் நிலையிலும் இந்தக் காட்சிச் சோதனையைக் கேட்கிறது.

தெல்லிப்பழை போல் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் இடங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. புற்றுநோய் மருந்து கலக்கும் பெட்டியின் முன்வாயில் காற்று உள்நோக்கி இழுபட வேண்டும். வெளியே வந்தால் அந்த மருந்தை மூச்சில் இழுப்பவர் கலக்குகிற தாதிதான். அந்தப் பெட்டி எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை நோயாளியை விட அவருக்கே முதலில் உண்டு.

இனி நோயாளி பக்கம். தனியார் வைத்தியசாலை விளம்பரத்தில் "லமினார் தியேட்டர்" (காற்று ஒரே பக்கமாகச் சீராக ஓடும் சத்திரசிகிச்சைக் கூடம்) என்று கண்டால் மயங்கிவிடத் தேவையில்லை. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் தொற்றைக் குறைக்க அந்த விலையுயர்ந்த ஏற்பாட்டை நாட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டலின் பரிந்துரை. கற்றரக்டுக்குப் பின் வரும் தொற்றுகளிலும் பல, நோயாளியின் இமையிலும் கண்ணோரத்திலும் உள்ள கிருமிகளால் வருபவை; சத்திரசிகிச்சைக்கு முன் பொவிடோன் அயடீன் என்ற கிருமிநாசினியை விடுவது அதற்காகத்தான். கேட்க வேண்டிய கேள்வி எளியது: இருக்கிற காற்றோட்டம் கடைசியாக எப்போது, யாரால் பரிசோதிக்கப்பட்டது?

அரச வைத்தியசாலையிடம் இதை எழுத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் யாழ் போதனா வைத்தியசாலைக்கும் பொருந்தும், மாகாண நிர்வாகத்தின் கீழுள்ள வைத்தியசாலைகளுக்கும் பொருந்தும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தின் கடைசிக் காற்றோட்டச் சோதனை அறிக்கை, வடிகட்டி மாற்றிய திகதி, பக்கத்து அறையோடு உள்ள அழுத்த வேறுபாட்டின் பதிவு என்று குறிப்பாகக் கேட்டால், மழுப்பலான பதிலுக்கு இடம் குறையும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்; அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. தனியார் வைத்தியசாலை என்றால், அவற்றைப் பதிவு செய்யும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிடம் முறையிடலாம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கண் நோவு கூடினாலோ, சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, இரவென்றாலும், கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். உள்கண் தொற்றில் சில மணிநேரத் தாமதமே பார்வையைப் பறித்துவிடும். மருந்துப் போத்தலை எறியாமல், தொகுதி இலக்கம் அழியாமல் எடுத்துப் போக வேண்டும். மருந்தில் சந்தேகம் என்றால் முறைப்பாடு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குப் போகும்.

சட்டத்தின் பக்கம் கெடு குறுகியது. அரச வைத்தியசாலையின் செயல் அடிப்படை உரிமையை மீறியது என்றால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது. நட்டஈட்டு வழக்கைச் சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அரசுக்கு எதிரானது என்றால் ஒரு மாதம் முன்னதாக அறிவித்தலும் அனுப்ப வேண்டும். சட்டத்தரணிக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம். போகும்போது நோயறிக்கை அட்டை, மருந்துப் போத்தல், தகவல் கேட்ட கடிதத்தின் பிரதி, அதற்கு வந்த பதில் நான்கையும் கொண்டுபோனால் வேலை விரைவாகும்.