உங்களுக்குத் தெரியுமா? 608 கோடி கொடுத்தும் கப்பல் வரவில்லை

மலேசியாவின் மந்தின் நகர மக்கள் சிரம்பான் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்களிக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் உறுப்பினர் மக்களவையின் 222 பேரில் ஒருவர். அரசு செலவழித்த பணத்தை அந்த அவை எவ்வளவு ஆழமாகத் தோண்ட முடியும் என்பதற்கு, அதன் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையே சாட்சி.

கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல்கள்; ஒப்பந்தம் 900 கோடி வெள்ளிக்கும் மேல். அறிக்கை வெளியானபோது அதில் 608 கோடி கொடுத்தாகியிருந்தது. அதுவரை ஒரு கப்பல்கூடக் கைக்கு வந்திருக்கவில்லை. கடற்படை கேட்ட வடிவமைப்பு ஒன்று, தேர்வானது வேறொன்று. கப்பலுக்கென ஒதுக்கிய பணத்தில் 40 கோடி, முந்தைய ரோந்துக் கப்பல் திட்டத்தின் பழைய கடனை அடைக்கப் போயிருந்தது! ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் ஒரே மேசையில் அமர்ந்து அதிகாரிகளை நேரில் விசாரித்துத்தான் இவை வெளியே வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளும் வரி கட்டும் நாடு இது. அந்த அறிக்கையைப் படிக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. நாடாளுமன்ற இணையத்தளத்தில் மலாய் மொழியில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் வெளியுறவில் அவையின் பிடி இத்தனை இறுக்கமில்லை. பன்னாட்டு உடன்படிக்கையில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயமல்ல. இருந்தும், பசிபிக் வட்டார வாணிப உடன்படிக்கைக்காக 2016 ஜனவரியில் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். மக்களவையில் ஆதரவு 127, எதிர்ப்பு 84. அடுத்த வாரமே, பிப்ரவரி 4ஆம் தேதி, ஆக்லாந்தில் மலேசியா கையெழுத்திட்டது.