ஓரமாப் போ, பெரிசு!

குதிரையில் ஒரு கிழவர் ஊருக்குள் வருகிறார். தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம். கைதட்டல், ஆரவாரம்! ஒரு காலத்தில் பேர்போன மார்ஷல் அவர். 'அட, நம்மை இன்னும் மறக்கலையே!' என்று கூச்சத்தோடு தலையாட்டிக்கொண்டே போகிறார். ஒரு போலீஸ்காரர் விரட்டுகிறார்... ஓரமாப் போ, பெரிசு!

கூட்டம் கூடினது பந்தயம் பார்க்க. குதிரைகளோடு ஒரு ஒட்டகம் ஓடுகிறது. ஜெயித்ததும் ஒட்டகம்தான்! தப்பித்தோம் என்று தெருவைத் தாண்டினால், மோட்டார் கார் ஒன்று இடிக்காத குறையாகப் போகிறது.

சாம் பெக்கின்பா 1962-ல் எடுத்த 'ரைட் தி ஹை கன்ட்ரி' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கௌபாய் படம் என்றால் முதல் ரீலிலேயே நாலு பேர் சுருண்டு விழணும் என்று நினைக்கிற ஆசாமி நான். இதில் முதலில் விழுவது ஹீரோவின் கௌரவம்!

மேற்கே போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். (அங்கே ஏற்கெனவே இருந்த செவ்விந்தியர்களின் கதி தனிச் சோகம்.) 1890 சென்சஸோடு, 'குடியேற்ற எல்லை என்று இனி கோடு போட முடியாது' என்று அரசாங்கமே கையை விரித்துவிட்டது. 1893-ல் சிகாகோவில் பிரடரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதே வருஷம், அதே ஊரில், பஃபலோ பில் டிக்கெட் போட்டு 'வைல்ட் வெஸ்ட்' வித்தை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இரங்கல் கூட்டம், இன்னொரு பக்கம் சர்க்கஸ்!

படத்திலும் அதேதான். மார்ஷல் ஸ்டீவாக ஜோயல் மெக்ரே. அவருடைய பழைய சகா கில்லாக ரேண்டால்ஃப் ஸ்காட். கில் இப்போது ஒட்டுத்தாடி, டோப்பா முடியோடு திருவிழாவில் துப்பாக்கிக் கடை போட்டிருக்கிறார்.

ஸ்டீவுக்கு ஒரு வேலை. மலைமேல் சுரங்க முகாமிலிருந்து தங்கத்தை பாங்குக்குக் கொண்டுவரணும். 2,50,000 டாலர் என்ற பேச்சு, நேரில் போனதும் 20,000 ஆகிறது. கடைசியில் மூட்டையில் தேறுவது 11,000 சொச்சம். பி.காம். படித்த எனக்கு, ஒரு யுகம் முடிந்துபோனதைச் சொல்ல இந்தக் கணக்கே போதும்.

ஒப்பந்தத்தைத் தனியாகப் படிக்கணும் என்கிறார் ஸ்டீவ். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டுகிறார். கண் மங்கியது தெரிந்தால் வேலை போயிடுமே!

தங்கத்தை அமுக்கிவிடத்தான் கில் கூட வருகிறார். 'இத்தனை வருஷம் உயிரைக் கொடுத்தோமே, என்ன மிச்சம்?' என்பது அவர் கேள்வி. நியாயம்தானே? ஸ்டீவின் சட்டை மணிக்கட்டில் நைந்து தொங்குகிறது. ஆனாலும் அவருக்கு வேண்டியது ஒன்றுதான்... கடைசியில் வீடு போய்ச் சேரும்போது கூனிக் குறுகாமல் போகணும்.

முடிவில் இரண்டு கிழவர்களும் பதுங்காமல் நிமிர்ந்து நடந்துபோய்ச் சுடுகிறார்கள். ஸ்டீவ் குண்டடிபட்டு விழுகிறார். தங்கத்தை நான் ஒப்படைக்கிறேன் என்கிறார் கில். அந்த வார்த்தையை ஸ்டீவ் சந்தேகப்படவே இல்லை. தான் சாவதைச் சின்னஞ்சிறுசுகள் பார்க்க வேண்டாம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, மலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சாய்கிறார்.

எம்.ஜி.எம். கம்பெனி, இரட்டைப் படக் காட்சியில் இரண்டாவது படமாக இதை ஓட்டியது. படத்தையும் 'ஓரமாப் போ' என்றுதான் சொன்னார்கள்! ஸ்காட் அதற்கப்புறம் நடிக்கவே இல்லை.

பந்தயத்தில் ஒட்டகம் ஜெயிக்கட்டும் சார். மூட்டையில் இருந்த தங்கத்தை எண்ணி ஒப்படைக்க அந்தக் கிழவர்கள்தான் வேண்டியிருந்தது.