எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: ‘அசையாதீங்க’ என்று ஏன் இத்தனை தடவை சொல்றாங்க?

பாச்சாங்கில் இருக்கும் பாட்டிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேதி கிடைத்துவிட்டது. கூட்டிப் போகும் வேலை பேரப்பிள்ளையான உங்களுக்கு. “ஆடாம படுத்துக்குங்க பாட்டி” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதுமா?

போட்டோ மாதிரி ஒரே கிளிக் இல்லையா?

இல்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரம் காந்தத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு, உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து தகவலை வரி வரியாகச் சேகரிக்கிறது. பரிசோதனை முடிய பொதுவாக 20 முதல் 60 நிமிடம் ஆகலாம். ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தின் தகவலும் கலந்திருக்கிறது. அதனால்தான் நடுவில் இருமினால் ஓர் ஓரம் மட்டும் மங்காமல், படம் முழுக்கக் கெட்டுப்போகலாம். சில சமயம் ஒரே உறுப்பின் நிழல் பக்கத்தில் இன்னொன்றாகவும் விழும்.

கெட்டால் என்ன ஆகும்?

அந்தப் பகுதியைத் திரும்ப எடுப்பார்கள். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 5 பரிசோதனைகளில் 1-இல் அசைவால் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் சரிவராவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். மங்கலான படத்தில் சின்னக் கட்டி கண்ணில் படாமலும் போகலாம்.

இயந்திரம் என்ன செய்கிறது?

வயிற்றில் கட்டும் பட்டை மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும். இதயத்தை எடுக்கும்போது, துடிப்புக்கு ஏற்ப நேரம் பார்த்துத் தகவல் சேகரிக்கப்படும். 1999-இல் ஜேம்ஸ் பைப் அறிமுகப்படுத்திய ‘ப்ரொபெல்லர்’ முறை, விசிறி இறக்கை போலச் சுழன்று சுழன்று தகவல் எடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நடுப்பகுதி திரும்பப் பதிவாவதால், தலை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டுத் திருத்த முடிகிறது. கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்க வைத்தே எடுப்பதும் உண்டு. அது முடியாதபோதுதான் மயக்க மருந்து.

நம்ம வேலை என்ன?

வயிறு, நெஞ்சுப் பகுதி ஸ்கேனில் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். காதில் அடைப்பான், குகை போன்ற குழாய், பழகாத குரல். இதற்கு நடுவே “தாரிக் நாஃபாஸ்… தாஹான்…” என்று மலாயில் கேட்டால் பாட்டி தடுமாறலாம். முந்தின நாளே வீட்டில் பழக்கிவிடுங்கள்: ‘தாரிக்’ என்றால் இழுக்கணும், ‘தாஹான்’ என்றால் பிடிக்கணும், ‘லெபாஸ்’ என்றால் விடணும். எத்தனை விநாடி பிடிக்க முடிகிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.

இருமல், முதுகு வலி, கை நடுக்கம், மூடிய இடம் என்றால் பயம் இருந்தால், படுக்கும் முன்பே ஊழியரிடம் சொல்லுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம். எடுக்கும் முறையையும் மாற்றலாம். உள்ளே போகும் முன் கழிவறைக்குப் போய்வருவது நல்லது. கையில் கொடுக்கும் அழைப்புப் பந்தை எப்போது அழுத்தலாம் என்பதையும் பாட்டிக்குத் தமிழிலேயே சொல்லிவிடுங்கள். கூப்பிட ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.