முதல் வெட்டு எவ்வளவு ஆழம்?

பெங்களூரு நீலசந்திராவின் பஜார் தெருவில் கட்டில், பீரோ, சோபா என்று மரச்சாமான் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு கடையில், பூஜை அறைக் கதவுக்காக சி.என்.சி. ரூட்டரில் வெட்டிய பூவேலைப் பலகையைத் தடவிப் பார்த்தேன். தேக்கு வெனீர் ஒட்டிய 18 மி.மீ. பிளைவுட். ஒரு இதழின் ஓரத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்து இதழில் சிலாம்பு ஏறியது.

முதல் இதழ் மர ரேகையோடு ஓடியது. அடுத்தது ரேகைக்குக் குறுக்கே. நார் அறுபடாமல் பிய்ந்து வந்தால் சிலாம்பு. எண்களைப் படித்து ஓடும் இந்த வகை இயந்திரத்தை 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செய்துகாட்டியது உலோகத்துக்காக. மரத்தில் நார் இருக்கிறது. அதனால் ஆழக்கணக்கும் வேறு.

பட்டறைகளில் பரவலாகச் சொல்லும் கணக்கு: சுழன்று வெட்டும் பிட் எவ்வளவு தடிமனோ, ஒரு தடவைக்கு அவ்வளவு ஆழம். 6 மி.மீ. பிட் என்றால் 18 மி.மீ. பலகைக்கு மூன்று தடவை. காரணம் உண்டு. பிட் என்பது ஒரு முனையில் மட்டும் பிடிபட்ட கம்பி. ஆழம் கூடினால் அதன்மேல் விழும் விசை கூடும், கம்பி வளையும். வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரட்டித்தால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. தடிமன் பாதியானால் பதினாறு மடங்கு! ஒவ்வொரு தடவையும் வளைவு கொஞ்சம் மாறுவதால்தான் ஓரத்தில் படிப்படியாகக் கோடு விழுகிறது. சுற்றிலும் அரை மி.மீ. விட்டு வெட்டி, கடைசியில் முழு ஆழத்துக்கு ஒரே ஓட்டம் விட்டால் கோடு மறையும்.

‘அப்படியானால் இன்னும் மெல்ல மெல்ல இறங்கினால் இன்னும் சுத்தம்’ என்று நினைப்பதுதான் தப்பு. பிட்டைச் சுற்றி ஓடும் புரி மேல்நோக்கி இருந்தால் தூளை வெளியே தள்ளும்; கூடவே மேல்முக நாரையும் தூக்கும். கீழ்நோக்கிய புரி மேல்முகத்தை அழுத்தி வெட்டும். ஆனால் தூள் பள்ளத்தில் அடைந்து சூடேறும். இரண்டையும் சேர்த்தது கம்ப்ரஷன் பிட்: நுனியில் சில மி.மீ. மேல்நோக்கிய புரி, அதற்கு மேலே கீழ்நோக்கிய புரி. நுனிப் பகுதி 5 மி.மீ. இருக்கையில், பயந்து 3 மி.மீ. மட்டும் இறக்கினால் மேல்முகத்தில் வேலை செய்வது தூக்கும் புரி மட்டுமே. வெனீர் சிதறும். முதல் வெட்டே 7 மி.மீ. போயிருந்தால் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் வந்திருக்கும்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 18,000 சுற்று, இரண்டு வெட்டுவாய், 3,600 மி.மீ. ஓட்டம் என்றால் ஒவ்வொரு வாயும் 0.1 மி.மீ. சீவும். ஓட்டத்தை 900-க்குக் குறைத்தால் 0.025 மி.மீ.தான், சீவுவதைவிடத் தேய்ப்பதே மிஞ்சும். ஓரம் கருகும்.

கையால் அறுக்கும் ஆசாரி, ரேகைக்குக் குறுக்கே ரம்பம் வைக்கும் முன் கோட்டைக் கத்தியால் கீறிக்கொள்வார். நார் முதலிலேயே அறுபட்டுவிடும். கீழ்நோக்கிய பிட்டால் முதலில் 1 மி.மீ. மட்டும் ஓட்டுவது அதே கைப்பழக்கம். இங்கே மெல்லிய வெட்டுதான் சரி. கம்ப்ரஷன் பிட்டில் அதுவே கேடு. எந்தப் புரி என்று தெரியாமல் ஆழத்தைச் சொல்லவே முடியாது.

கடையில் அந்தப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். சிலாம்பு ஏறிய அதே இதழ், கீழ்முகத்தில் மழமழவென்று இருந்தது. ஒன்று, முழுக்க மேல்நோக்கிய புரி. இல்லையென்றால், கம்ப்ரஷன் பிட்டில் முதல் வெட்டு ஆழம் போதவில்லை.