ஸ்காபுரோ: அன்று வந்தவர்களும் இன்று வருபவர்களும்

1986 ஆகஸ்ட் 11. கனடாவின் கிழக்கு எல்லையான நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் அலைந்துகொண்டிருந்தன. உள்ளே 155 ஈழத்தமிழர்கள். மேற்கு ஜேர்மனியில் கப்பலேறி, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். மீன்பிடிக்கப் போயிருந்த கஸ் டால்ற்றன் என்ற கப்டன் அவர்களைக் கண்டு தன் படகில் ஏற்றினார். மற்ற மீனவர்களும் கைகொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னது பொய் என்று தெரியவந்தபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஆனாலும் பிரதமர் பிரையன் மல்ரோனி திருப்பி அனுப்ப மறுத்தார். ஓராண்டு தங்குவதற்கான அனுமதி கிடைத்தது. பெரும்பாலானோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் கதவு ஓரளவு திறந்தே இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையர் வருவதற்குக் கனடா விசேட ஏற்பாடு செய்திருந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் 'சிங்' வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது: கனடிய மண்ணில் கால் வைத்து அகதிக் கோரிக்கை வைப்பவரின் கதையை, அவரை நேரில் இருத்திக் கேட்காமல் நிராகரிக்கக் கூடாது. வழக்குப் போட்டவர்களில் சீக்கியர்கள் இருந்தார்கள். பலன் ஆயிரக்கணக்கான தமிழருக்கும் கிடைத்தது.

வந்தவர்களின் முதல் முகவரி ரொறன்ரோ நகர நடுவில், வெலஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் பக்கத்து மாடிக் குடியிருப்புகள். ஓர் அறை வீட்டில் ஏழெட்டுப் பேர். இரவு வேலைக்காரர் வந்து படுக்கும்போது பகல் வேலைக்காரர் எழும்பிப் போயிருப்பார். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். தொழிற்சாலைகளில் பெட்டி கட்டினார்கள். விடிய முன்னர் பனிக்குள் பத்திரிகை போட்டார்கள். சம்பளம் கைக்கு வந்ததும் மூன்றாகப் பிரியும்: வாடகை, கனடாவுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காகப் பட்ட கடன், ஊருக்கு அனுப்பும் காசு. வங்கி நம்பாதவரைச் சீட்டு நம்பியது. தம்பியைக் கூப்பிடவும் தங்கச்சியின் கல்யாணத்துக்கும், பின்னர் முதல் வீட்டின் முற்பணத்துக்கும் சீட்டுக் காசுதான். சீட்டைச் சுருட்டிக்கொண்டு காணாமற்போனவர்களும் உண்டு.

இன்று தமிழர் என்றால் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுரோ. அங்கிருந்து மார்க்கம், ஏஜாக்ஸ் என்று கிழக்கும் வடக்குமாகப் பரந்துவிட்டார்கள். கடைத்தெருக்களில் நகைக்கடை, புடவைக்கடை, பல் வைத்தியர், சட்டத்தரணி எல்லாருடைய பலகையும் தமிழில் இருக்கிறது. இடியப்பம் ஐம்பது, நூறு என்று எண்ணி வாங்கலாம். கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்பவர்களில் தமிழரல்லாதோரும் இருக்கிறார்கள். இலவசத் தமிழ்ப் பத்திரிகையைப் புரட்டினால் செய்தியைவிடக் கோட்டுப் போட்ட வீட்டு முகவர்களின் படங்களே அதிகம். 2015இலிருந்து ஸ்காபுரோவின் மார்க்கம் வீதியை மூடி, கோடையில் தமிழர் தெருவிழா நடக்கிறது.

வசதி வந்தது ஒரு மாற்றம். காசு போகும் திசை மாறியது அதைவிடப் பெரிய மாற்றம். அன்று உழைப்பின் முகம் முழுக்க ஊரைப் பார்த்தபடி இருந்தது. போர் நடந்த காலம். அங்கே ஷெல் விழுந்தால் இங்கே நித்திரை வராது. இன்றும் ஊருக்குப் பணம் போகிறது. ஆனால் கனடிய மருத்துவமனைகளுக்காகவும் தமிழர் நடைபவனி போகிறார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 30 லட்சம் டொலர் 2021இல் சேர்ந்து முடிந்தது. 2001இல் ரொறன்ரோவில் தொடங்கிய தமிழ் இலக்கியத் தோட்டத்தின் இயல் விருதை இன்று தமிழ்நாட்டு எழுத்தாளர்களும் எதிர்பார்த்திருக்கிறார்கள். இங்கே இருந்துவிட்டுப் போகும் எண்ணம் உள்ளவர் பல்கலைக்கழக இருக்கைக்குக் காசு கொடுக்கமாட்டார். பேரப்பிள்ளைகளும் இங்கேதான் என்று முடிவுசெய்தவரே கொடுப்பார்.

இந்தப் பாதை நேராக வரவில்லை. 1990களில் தமிழ் இளைஞர் குழுக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் திரிந்தன; அப்பாவும் அம்மாவும் இரண்டு வேலை செய்த வீடுகளில் பிள்ளைகளை வீதி வளர்த்தது. 2009 மே 10 அன்று, போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சாவு நடந்துகொண்டிருந்தபோது, ஆயிரக்கணக்கானோர் குழந்தை குட்டிகளோடு ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்தார்கள். நகரம் எரிச்சலடைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அகதிகளாக வந்த 492 ஈழத்தமிழரோடு 'சன் சீ' கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. 1986இல் ஓராண்டு அனுமதி கொடுத்த நாடு, இவர்களை மாதக்கணக்கில் தடுப்பில் வைத்தது. அப்படிக் கூட்டமாக வருபவர்களை அடைத்துவைப்பதற்கு 2012இல் சட்டமும் வந்தது.

அதே ஆண்டுகளில்தான் தமிழர் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் 2011இல் ஸ்காபுரோவிலிருந்து தெரிவாகி, கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானார். 2015இல் கரி ஆனந்தசங்கரி தெரிவானார். அவர் கொண்டுவந்த பிரேரணையை 2016இல் நாடாளுமன்றம் ஏகமனதாக ஏற்று, ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்தது. 1983இல் சிறுவனாகத் தாயோடு கனடாவுக்கு வந்தவர் அவர். 2025 மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எல்லையில் நின்று யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் அதிகாரிகள் இன்று அவருடைய அமைச்சின் கீழ்.

பதவிக்கு வந்த மறுமாதமே அவர் முன்வைத்த எல்லைச் சட்டமூலத்தில் ஒரு விதி இருந்தது. நாட்டுக்குள் வந்து ஓராண்டு கழித்து அகதிக் கோரிக்கை வைப்பவர்களின் வழக்கு, அகதிகள் சபையின் நேர் விசாரணைக்குப் போகாது. எண்ணிக்கை கூடிவிட்டது, அமைப்புத் தாங்கவில்லை என்பது அரசின் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தமிழர் இந்த நாட்டில் வேரூன்றியதே நேரில் இருந்து கதை சொல்லக் கிடைத்த அந்த உரிமையால்தான். அதைச் சுருக்கும் சட்டமூலத்தைத் தமிழர் ஒருவர் சபையில் வைக்கும் அளவுக்குச் சமூகம் வளர்ந்திருக்கிறது என்பதும் அன்று யாரும் நினைத்திராத மாற்றம்தான்.

இலங்கையின் பொருளாதாரம் விழுந்த பிறகு, விசிட்டர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை வைக்கும் புதிய தலைமுறை ஒன்று ஸ்காபுரோவில் தெரிகிறது. அவர்கள் தங்குவது பெரும்பாலும் முன்னர் வந்தவர்களின் பேஸ்மென்ரில். முதல் வேலை தமிழரின் ரேக்-அவுட் கடையிலோ களஞ்சியத்திலோ. "இப்ப வாறவை எங்களை மாதிரிக் கஷ்டப்படேல்லை" என்பது கல்யாண வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. கோப்பை கழுவிய கை அந்தப் பேச்சைப் பேசும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

குடியேறியவர்கள் நாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கில் வரியும் வைத்தியர்களும் அமைச்சர்களும் எளிதாக ஏறிவிடுவார்கள். பின்னால் வருபவரை எப்படி நடத்தினோம் என்பதையும் அந்தக் கணக்கில் எழுதவேண்டும். நியாயமான வாடகை, குறைக்காத சம்பளம், விசாரணைக்குக் கூடப் போக ஓர் ஆள், நல்ல சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கம்: புதிதாக வருபவருக்குத் தேவை இவ்வளவுதான். 1986இல் இவற்றைக் கொடுக்கத் தமிழர் கையில் ஒன்றும் இருக்கவில்லை. இன்று எல்லாமே இருக்கிறது.