பேட்டரி புதுசு, ஆனா செல்ஃப் எடுக்கல... பழைய காரில் பாகத்தை மாற்றும் முன் எதைப் பார்க்கணும்?

போன மார்கழியில் ஒரு காலை. ஆபீஸுக்குக் கிளம்பி சாவியைத் திருப்பினால், என் 2011 மாடல் பெட்ரோல் கார் 'உர்ர்... உர்ர்...' என்று முனகிவிட்டு அடங்கியது. மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்னாடியே, "பேட்டரி போச்சு சார்" என்றார். 4,500 ரூபாய்க்குப் புதுசு போட்டோம். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது, மூன்றாவது வாரம் அதே முனகல். இந்த முறை, "செல்ஃப் மோட்டார் வீக் சார்." கழற்றி சர்வீஸ் செய்ததில் இன்னொரு 2,200. அப்படியும் சரியாகவில்லை. கடைசியில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் ஒயர், நட்டுக்கு அடியில் பச்சை பூத்துப் பாதி இழை அறுந்து கிடந்தது. மாற்ற ஆன செலவு 300 ரூபாய்.

முதல் மெக்கானிக் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். பத்து வயது தாண்டிய கார் வைத்திருப்பவர்களில் பலர் இப்படித்தான் ஊகத்துக்குக் காசு கொடுக்கிறோம். சில நூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். அது கையில் இருந்தால் பாதி ஊகத்தை நீங்களே வீட்டு வாசலில் வைத்து ஒழித்துவிடலாம்.

செல்ஃப் எடுக்கலைன்னா...

மீட்டரே இல்லாமல் முதலில் ஒரு சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்புங்கள். லைட் சட்டென்று மங்கினால் பேட்டரி சார்ஜ் இல்லை, அல்லது அதன் டெர்மினல் லூஸ். லைட் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் செல்ஃப் சுற்றவே இல்லை அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால், பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மோட்டாருக்குக் கரண்ட் போகும் வழியில், அதாவது ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச், கேபிள், எர்த் இதில் எங்கேயோ தடை. என் காரில் லைட் ஒரு தடவைகூட மங்கவில்லை. அப்போது எனக்கு அதற்கு அர்த்தம் தெரியாது!

இனி மீட்டர். ராத்திரி முழுக்க நின்ற காரில், சாவி போடும் முன் பேட்டரியின் இரு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. அடுத்து, ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், சார்ஜ் இருந்தும் பேட்டரிக்குத் தெம்பு இல்லை. வண்டி ஓடத் தொடங்கியதும் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போதும் 12.4-லேயே நின்றால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. நம்ம ஊர்ப் பட்டறையில் 'டைனமோ' என்பார்களே, அதுதான். புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் சாகும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி வெந்துவிடும்.

எர்த்தை சோதிக்க மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து செல்ஃப் அடிக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைப் பாருங்கள். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இந்த இணைப்புகள் சீக்கிரம் அரிக்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள்தான் கார் எடுப்பேன், திங்கட்கிழமை மட்டும் பேட்டரி டவுன் என்பவரா நீங்கள்? வெளியில் வாங்கி மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் டிராக்கர், அணையாத டிக்கி லைட் மேல் சந்தேகப்படுங்கள். நிறுத்தி வைத்த காரில் 50 மில்லி ஆம்பியர் வரை கரண்ட் இழுத்தால் பிரச்சினை இல்லை. அதுவே 500 ஆனால், சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி 70 மணி நேரத்தில், அதாவது மூன்று நாளுக்குள் காலி. செல்ஃப் எடுக்காமல் போக அதில் பாதி நேரமே போதும்.

சூடு முள் ஏறினால்

செல்ஃப் எடுக்காவிட்டால் ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். இதில் அசட்டையாக இருந்தால் இன்ஜினே போய்விடும்.

எப்போது ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, வேகமாக ஓட்டினால் இறங்குகிறதா? அப்படியானால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் ஓடும். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். மாறாக, சிட்டியில் நன்றாக இருந்து ஹைவேயில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் பக்கம் போங்கள். வருடக்கணக்கில் கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய கார்களில் துருவும் உப்பும் படிந்து அடைப்பது சகஜம்.

முள்ளையே முழுசாக நம்பாதீர்கள். கூலன்ட் மொத்தமும் ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் நார்மலாகவே காட்டலாம். ஹீட்டரைப் போட்டும் குளிர்ந்த காற்று வந்தால் அது ஒரு அபாய அறிகுறி.

ஏறிவிட்டதா? ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாக வையுங்கள். கேபினில் வேகும்தான், ஆனால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். ஓரமாக நிறுத்தி ஆஃப் செய்யுங்கள். நன்றாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் பீறிடும். 'அடுத்த டோல் வரைக்கும் போயிடலாம்' என்று மிதித்தால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, செலவு பல ஆயிரங்களுக்குப் போகும். கீழே ஒழுகாமலேயே கூலன்ட் குறைகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி மாதிரி இருக்கிறது என்றால் கேஸ்கெட் ஏற்கெனவே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனர் சொன்னா சரியா?

செக் இன்ஜின் லைட் எரிந்தால் இப்போது எல்லோரும் ஓபிடி ஸ்கேனரை மாட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது சொல்வது அறிகுறியை மட்டும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று அர்த்தம். காரணம் காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள கார் என்றால் காசில்லாத வழி ஒன்று உண்டு. ஒன்றாவது, இரண்டாவது காயில்களை இடம் மாற்றி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில். மறுபடி பி0301-தான் என்றால் காயில் நல்லது, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். லைட் விட்டு விட்டு எரிந்தால் மட்டும் வண்டியை விரட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் சுட்டுவிடும்.

சத்தங்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஒன்றே ஒன்று: ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று கேட்டால் ஆக்சிலின் சிவி ஜாயின்ட். பட்டறைக்குப் போனால் சத்தம் மறைந்துவிடும், இது எல்லா காருக்கும் உள்ள குணம்! கேட்கும்போதே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த வேகம், இன்ஜின் சூடா ஆறியதா, ஏசி ஓடியதா என்பதையும் சொல்லுங்கள். "ஏதோ சத்தம் வருதுண்ணே" என்றால் அவரும் ஊகிக்கத்தான் செய்வார்.

இப்போதுதான் பழைய கார் வாங்கப் பார்க்கிறீர்களா? காலை 7 மணிக்கு வருவதாகச் சொல்லி, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். கதகதப்பாக இருந்தால், ஏன் என்று விற்பவரிடமே கேட்டுவிடுங்கள்.