கண் இமையில் ஊதா நிறமா? குடம் தூக்க முடியலையா? 'தங்கல்' நடிகை உயிரைப் பறித்த நோய் இதுதான்

அனந்தபுரம்:

அமீர்கான் நடித்து 2016-ல் வெளியாகி சக்கைப்போடு போட்ட 'தங்கல்' இந்திப்படத்தில் சின்ன வயசு பபிதாவாக நடித்தவர் சுகானி பட்நாகர். இவர் 2024 பிப்ரவரி 16-ந்தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 19 வயதிலேயே பரிதாபமாக இறந்தார். முதலில் கையில்தான் வீக்கம் வந்தது, பிறகு உடம்பெல்லாம் பரவியது, நோய் என்ன என்று தெரிவதற்குள் நாள் ஓடிவிட்டது என்று பெற்றோர் கூறினர்.

அந்த நோயின் பெயர் டெர்மடோமயோசிடிஸ். கிருமியோடு மோத வேண்டிய நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, சொந்தத் தோலையும் தசையையும் தாக்கும். அபூர்வமான நோய்தான். ஆனால் சிறுவர்களுக்கும் வரும், 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் வரும். பெண்களுக்கே அதிகம்.

அனந்தபுரம் சுற்றுவட்டாரத்தில் நாத்து நடுறவங்க, மல்லாட்டை பிடுங்குறவங்களுக்கு முகம் கருப்பதும் கை கால் அசந்து போவதும் புதுசா என்ன? அதனால்தான் இது எளிதில் ஏமாற்றிவிடும். வேலை அசதி என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். இது போகாது. வாரக்கணக்கில் கூடிக்கொண்டே வரும்.

வலியை விட பலம் குறைவதுதான் முக்கியம். தொடையிலும் தோளிலும் சக்தி போய்விடும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாது. படி ஏற முடியாது. தலை சீவ கை தூக்க வராது. கண் இமையில் ஊதா நிறம் படியும். விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்பு வரும். வெயில் பட்டால் இன்னும் மோசமாகும். சாப்பாடு விழுங்க சிரமம், மூச்சு வாங்குதல் இருந்தால் ஒரு நாள் கூட தள்ளிப்போடக் கூடாது.

பலர் தோல் டாக்டரிடம் தடிப்பை மட்டும் காட்டி களிம்பு வாங்கி வருகிறார்கள். இன்னொரு இடத்தில் அசதி என்று சொல்லி சத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்கு சந்தேகம் வரும். சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் தசை பாதிப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் ஸ்கேன், தசைத் துண்டு பரிசோதனையும் செய்வார்கள். பெரியவர்களில் சிலருக்கு உள்ளே புற்றுநோய் இருந்தும் இது வரலாம் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இந்தப் பகுதி மக்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் முதலில் காட்டலாம். புதுச்சேரி ஜிப்மரில் இதுபோன்ற எதிர்ப்பு சக்தி நோய்களுக்கு தனிப்பிரிவே உள்ளது.

ஸ்டீராய்டு மாத்திரைதான் முதல் சிகிச்சை. கூடவே வேறு மருந்தும் தருவார்கள். ஸ்டீராய்டால் எதிர்ப்பு சக்தி குறைந்து, தொற்று ஏற்பட்டு, நுரையீரல் பாதித்ததாக சுகானியின் பெற்றோர் சொன்னார்கள். அதற்காக பயந்துபோய் மாத்திரையை நாமே திடீரென நிறுத்தினால் அது அதைவிட ஆபத்து. டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். காய்ச்சல், இருமல் வந்தால் உடனே காட்ட வேண்டும்.

இது தொத்து வியாதி இல்லை. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையே இல்லை. வெயிலில் போனால் குடையும் முழுக்கை சட்டையும் வேண்டும்.